துவக்கத்தின் முதல் நொடிகளில் கோப்பு முறைமைச் சோதனை: ரூட்டை யார், எப்போது, எந்த அளவுக்குச் சோதிக்கிறார்கள்?

பதிவு 1 · வாசகசாலை

வணக்கம். எங்கள் வாசகசாலையின் இரவல் பதிவேடு டெபியன் 12 இயங்கும் ஒரு கணினியில் இருக்கிறது. ரூட் பார்ட்டிஷன், அதாவது இயங்குதளம் உள்ள வட்டுப் பகுதி, இஎக்ஸ்டி4 வகைக் கோப்பு முறைமை; உறுப்பினர் ஆவணங்கள் உள்ள ஹோம் இரண்டாவது வட்டில் மற்றோர் இஎக்ஸ்டி4; பழைய இதழ்களின் ஸ்கேன் பக்கங்கள் எக்ஸ்எஃப்எஸ் என்ற வேறு வகைக் கோப்பு முறைமையில் உள்ளன. சென்ற வாரம் ஒரு மின்தடைக்குப் பிறகு கணினியை இயக்கியபோது, எதிர்பாராத முரண்பாடு இருக்கிறது, கோப்பு முறைமையைச் சோதிக்கும் எஃப்எஸ்சிகே நிரலைக் கையால் இயக்குங்கள் என்ற செய்தியைக் காட்டிவிட்டு, அடைப்புக்குறிக்குள் இனிட்ராம்எஃப்எஸ் என்று மட்டும் எழுதிய கறுப்புத் திரையில் நின்றுவிட்டது. அங்கேயே எஃப்எஸ்சிகேயை இயக்கி, கேட்ட கேள்விகளுக்கெல்லாம் ஆம் என்று பதில் கொடுத்தேன். கணினி மீண்டுவிட்டது.

மீண்ட பிறகுதான் எனக்குக் கவலை தொடங்கியது. துவக்கத்தில் சேவைகளை இயக்கும் சிஸ்டம்டியின் சிஸ்டம்டி-எஃப்எஸ்சிகே-ரூட் என்ற சேவையின் நிலையைப் பார்த்தால், நிபந்தனை பொருந்தாததால் இது தொடங்கப்படவில்லை என்கிறது. அப்படியானால் ரூட் பார்ட்டிஷன் ஒவ்வொரு துவக்கத்திலும் சோதிக்கப்படாமலேயே ஏற்றப்படுகிறதா? சோதிக்கப்படுகிறது என்றால், சோதனை செய்யும் நிரலே அந்தப் பார்ட்டிஷனுக்குள் இருக்கும்போது, அதை ஏற்றாமல் நிரலை எங்கிருந்து எடுக்கிறார்கள்? மூன்றாவது கேள்விதான் எனக்கு முக்கியமானது. காலையில் வாசகசாலையைத் திறப்பவர் கணினி அறியாத முதியவர். அவர் அந்தக் கறுப்புத் திரைமுன் தவிக்காமல் இருக்க, இயங்குதளத்தின் கருவான கெர்னலின் கட்டளை வரியில் எஃப்எஸ்சிகே.ரிப்பேர்=யெஸ் (எல்லாத் திருத்தங்களுக்கும் தானே ஆம் என்பது) என்று சேர்த்துவிடலாமா?

பதிவு 2 · ஐநோட்

முதல் இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றுதான், ஆகவே சேர்த்தே சொல்கிறேன்.

நீங்கள் கேட்ட முரண் உண்மையானது. பழைய நாட்களில் அதைச் சமாளித்த விதம் இது: ரூட்டை முதலில் படிக்க மட்டும் என்ற நிலையில் ஏற்றுவார்கள், அதற்குள் இருக்கும் எஃப்எஸ்சிகேயை இயக்கி அதே பார்ட்டிஷனைச் சோதிப்பார்கள், குறை இல்லையென்றால் எழுதும் நிலைக்கு மாற்றுவார்கள். இதில் ஓர் ஆபத்து இருந்தது. கெர்னல் ஏற்கெனவே படித்து நினைவகத்தில் வைத்திருக்கும் ஒரு பகுதியை, எஃப்எஸ்சிகே வட்டில் திருத்திவிட்டால், கெர்னல் அறிந்ததும் வட்டில் இருப்பதும் வேறு வேறாகிவிடும். எஃப்எஸ்சிகே திருப்பித் தரும் வெளியேற்ற எண்களில் 2 என்பதற்கு, கணினியை உடனே மறுதுவக்கம் செய்ய வேண்டும் என்ற பொருள் இருப்பது இந்தக் காரணத்தால்தான்.

இன்றைய டெபியனில் இந்த வேலை இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் நடக்கிறது. கெர்னலோடு சேர்த்து நினைவகத்தில் ஏற்றப்படும் அந்தச் சிறு கோப்புத் தொகுப்பைக் கட்டும்போதே, ரூட் எந்த வகைக் கோப்பு முறைமை என்று பார்த்து, அதற்குரிய சோதனை நிரலையும் உள்ளே வைத்துவிடுகிறார்கள். எனவே ரூட் இன்னும் ஏற்றப்படாத நிலையில், நினைவகத்திலிருந்து இயங்கும் நிரல் அதைச் சோதிக்கிறது. முடிந்ததும் /ரன்/இனிட்ராம்எஃப்எஸ்/எஃப்எஸ்சிகே-ரூட் என்ற அடையாளக் கோப்பை விட்டுச் செல்கிறது. பின்னர் எழுந்து வரும் சிஸ்டம்டி அந்த அடையாளத்தைக் கண்டதும், வேலை முடிந்துவிட்டது என்று தன் சோதனையைத் தவிர்க்கிறது. நீங்கள் பார்த்த நிபந்தனை பொருந்தவில்லை என்ற வரியின் பொருள் இவ்வளவே. சோதனையின் பதிவு அதே அடைவில் எஃப்எஸ்சிகே.லாக் என்ற பெயரில் இருக்கும். அது நினைவகத்தில் உள்ள அடைவு என்பதால் மறுதுவக்கத்தில் அழிந்துவிடும். தேவையென்றால் உடனே நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹோம் இந்தக் கட்டத்தில் சோதிக்கப்படுவதில்லை. ரூட் ஏறிய பிறகு, எந்தப் பார்ட்டிஷனை எங்கே ஏற்றுவது என்று எழுதிய எஃப்எஸ்டாப் கோப்பின் ஆறாவது புலத்தைப் பார்த்து, அங்கே 0 அல்லாத எண் இருந்தால், அந்தந்த வட்டுக்கான சேவையைச் சிஸ்டம்டி தனியே இயக்கும். ரூட்டுக்கு 1, மற்றவற்றுக்கு 2, சோதனை வேண்டாம் என்றால் 0 என்பது மரபு.

பதிவு 3 · சிறுபலகை

மூன்றாவது கேள்விக்கு என் பதில்: தயங்காமல் யெஸ் என்று சேர்த்துவிடுங்கள். ஆள் இல்லாத இடங்களில் ராஸ்பெர்ரி பை பலகைகளைப் பராமரிப்பது என் வேலை. ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸின் கட்டளை வரிக் கோப்பில் எஃப்எஸ்சிகே.ரிப்பேர்=யெஸ் என்பது அவர்களே சேர்த்து அனுப்பும் ஒன்று. திரையும் விசைப்பலகையும் இல்லாத கருவி கேள்வி கேட்டுக்கொண்டு நின்றால் யார் பதில் சொல்வது? நீங்களும் எல்லாக் கேள்விகளுக்கும் ஆம் என்றுதானே சொன்னீர்கள்? ஒரு மனிதர் படிக்காமல் தட்டும் ஒய் எழுத்துக்கும் இயந்திரம் தானே தட்டுவதற்கும் வேறுபாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பதிவு 4 · பழையவட்டு

சிறுபலகை அவர்களின் கடைசி வாக்கியத்தை மறுக்க முடியாது. படிக்காமல் தட்டினால் இரண்டும் ஒன்றே. ஆனால் இந்தக் கணினியில் அவர் அறிவுரையைப் பின்பற்றுவதற்கு முன், யாரும் இன்னும் கேட்காத ஒன்றைக் கேட்க விரும்புகிறேன். ஜர்னல் உள்ள கோப்பு முறைமை வெறும் மின்தடையால் அந்த நிலைக்குச் சென்றது ஏன்?

இயல்பாக நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். இஎக்ஸ்டி4 தன் கட்டமைப்பில் செய்யப்போகும் மாற்றங்களை முதலில் ஜர்னலில் எழுதி, அது வட்டில் உறுதியாகப் பதிந்த பிறகே உரிய இடங்களில் எழுதுகிறது. இடையில் மின்சாரம் போனால், அடுத்த துவக்கத்தில் எஃப்எஸ்சிகே ஜர்னலில் முழுமையாக உள்ளவற்றை மீண்டும் செயல்படுத்தி, முழுமையற்றதை விட்டுவிடுகிறது. ஜர்னலை மீட்கிறேன் என்று ஒரு வரி, அதன்பின் பார்ட்டிஷன் தூய்மையாக உள்ளது என்று இத்தனை கோப்புகள், இத்தனை பிளாக்குகள் என்ற கணக்கோடு இன்னொரு வரி. ஓரிரு நொடிகளில் முடிந்துவிடும். நூறு முறை மின்தடை வந்தாலும் நூறு முறையும் இதுதான் நடக்க வேண்டும்.

துவக்கத்தின்போது எஃப்எஸ்சிகே இயங்குவது ப்ரீன் எனப்படும் எச்சரிக்கையான முறையில். தகவல் இழப்பு நேராது என்று தனக்கு உறுதியாகத் தெரிந்த திருத்தங்களை மட்டும் அது கேட்காமல் செய்யும். அதற்கு மேல் செல்லும் எதையும் தொடாமல், வெளியேற்ற எண் 4ஐக் கொடுத்துவிட்டு விலகும். எண் 1 என்றால் குறைகள் இருந்தன, திருத்தப்பட்டன. 4 என்றால் குறைகள் திருத்தப்படாமல் உள்ளன. இந்த எண்கள் ஒன்றோடொன்று கூடியும் வரும். உங்கள் கணினி நின்றது என்றால் 4 வந்திருக்கிறது. அதாவது ஜர்னல் கொடுத்த வாக்குறுதி எங்கோ மீறப்பட்டிருக்கிறது. அதற்கு எனக்குத் தெரிந்த காரணங்கள் சிலவே: வட்டு சாகத் தொடங்கியிருக்கலாம், நினைவகம் கெட்டிருக்கலாம், அல்லது எழுதிவிட்டேன் என்று வட்டு சொன்னது உண்மையில் அதன் தற்காலிக நினைவகத்திலேயே இருந்திருக்கலாம். எஃப்எஸ்சிகே.ரிப்பேர்=யெஸ் சேர்த்தால் இவை மூன்றும் அப்படியே இருக்கும். எச்சரிக்கை மட்டும் மறைந்துவிடும்.

தயவுசெய்து மூன்றைப் பார்த்துச் சொல்லுங்கள். வட்டின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட்கட்டில் தரும் பட்டியலில் மாற்றப்பட்ட செக்டர்களும் காத்திருக்கும் செக்டர்களும் எத்தனை? எஃப்எஸ்டாபில் ரூட் வரியின் நான்காவது புலத்தில் என்ன எழுதியிருக்கிறது? யூபிஎஸ் இருக்கிறதா?

பதிவு 5 · வாசகசாலை

நன்றி ஐயா. செக்டர்கள் இரண்டு வரியிலும் 0. மெம்டெஸ்ட் ஓர் இரவு முழுவதும் ஓடியது, பிழை இல்லை. யூபிஎஸ் இருக்கிறது, ஆனால் அதன் பேட்டரி செத்துவிட்டதை இப்போதுதான் அறிந்தேன். எஃப்எஸ்டாபில் ரூட் வரியில் எர்ரர்ஸ்=ரீமவுண்ட்-ஆர்ஓ, நோஏடைம், பாரியர்=0 என்று மூன்று உள்ளன. கணினியை முன்பு அமைத்தவர் வேகத்துக்காகச் சேர்த்ததாகச் சொன்னார்.

பதிவு 6 · பழையவட்டு

காரணம் கிடைத்துவிட்டது. அந்த மூன்றாவது சொல்தான்.

பாரியர் என்பது, இதற்கு முன் அனுப்பியதெல்லாம் காந்தத் தட்டில் பதிந்த பிறகே அடுத்ததை எழுது என்று கெர்னல் வட்டுக்கு இடும் கட்டளை. ஜர்னலின் நம்பகத்தன்மை முழுவதும் இந்த வரிசை காக்கப்படுவதில்தான் நிற்கிறது. அதனால் இஎக்ஸ்டி4இல் பாரியர் இயல்பாகவே இயக்கத்தில் இருக்கும். பாரியர்=0 என்று எழுதினால் அந்தக் கட்டளை அனுப்பப்படுவதில்லை; வட்டு தன் வசதிக்கேற்ற வரிசையில் எழுதிக்கொள்ளும். மின்சாரம் இருக்கும்வரை வேறுபாடு தெரியாது. அது போகும் நொடியில், ஜர்னலில் முடிந்தது என்ற குறிப்பு பதிந்து, அந்தக் குறிப்பு உறுதி சொல்லும் உள்ளடக்கம் பதியாமல் போகக்கூடும். அப்போது எஃப்எஸ்சிகே ஜர்னலை நம்பிச் செயல்படுத்துவதே புதிய சேதத்தை உண்டாக்கும். பேட்டரியால் காக்கப்படும் நினைவகம் கொண்ட ரெய்டு அட்டைகளுக்கு அந்த அமைப்பில் ஒரு நியாயம் இருந்தது. மேசைக் கணினியின் வட்டுக்கு, அதுவும் யூபிஎஸ் இல்லாத இடத்தில், எந்த நியாயமும் இல்லை. எக்ஸ்எஃப்எஸ்ஸில் இதற்கு இணையான தேர்வை 4.19 கெர்னலோடு நீக்கியே விட்டார்கள். அது சரியான முடிவு என்பது என் உறுதியான கருத்து.

அதை நீக்கிவிட்டு மறுதுவக்கம் செய்யுங்கள். அத்துடன் வேலை முடியவில்லை. எஃப்எஸ்சிகே ஐந்து கட்டங்களாகச் சரிபார்ப்பது ஐநோட்கள் (ஒவ்வொரு கோப்பின் விவரங்களையும் வைத்திருக்கும் எண்ணிட்ட பதிவுகள்), அடைவுகளின் அமைப்பு, அவை ஒன்றோடொன்று இணைந்திருக்கும் விதம், இணைப்பு எண்ணிக்கை, தொகுதிக் கணக்குகள் ஆகியவற்றைத்தான். கோப்புக்குள் இருக்கும் எழுத்துகள் சரியா என்று அதற்குத் தெரியாது. அது தூய்மை என்று சொன்ன பார்ட்டிஷனில் பாதி எழுதப்பட்ட பதிவேடு இருக்கலாம். இரவல் பதிவேடு எஸ்கியூலைட்டில் இருந்தால் ப்ராக்மா இன்டக்ரிட்டி_செக் இயக்குங்கள்; நிறுவிய நிரல்களை டெப்சம்ஸ் கொண்டு சரிபாருங்கள்; லாஸ்ட்+ஃபவுண்ட் அடைவைத் திறந்து பாருங்கள்.

பதிவு 7 · ஐநோட்

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் நீக்கிவிட வேண்டும். துவக்கத்தில் தூய்மை என்று வரும் வரி, ஐந்து கட்டங்களும் முடிந்ததற்கான சான்று அன்று. கோப்பு முறைமை தன்னைப் பற்றிய தகவலை வைத்திருக்கும் சூப்பர்பிளாக்கில் தூய்மை என்ற குறி இருந்தால், ப்ரீன் முறை அதைப் படித்துவிட்டுத் திரும்பிவிடும். முன்பு இத்தனை முறை ஏற்றப்பட்டால் அல்லது இத்தனை நாள் கடந்தால் முழுச் சோதனை என்று ஓர் ஏற்பாடு இயல்பாக இருந்தது, எஃப்எஸ்சிகே உள்ளிட்ட இஎக்ஸ்டி4 கருவிகளின் தொகுப்பான இ2எஃப்எஸ்ப்ராக்ஸ் 1.42 முதல், புதிதாக உருவாக்கும் பார்ட்டிஷன்களில் அது அணைக்கப்பட்டே வருகிறது. துவக்கம் திடீரென அரைமணி நேரம் நீள்வது யாருக்கும் பிடிக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் இதன் விளைவாக, நிறுவிய நாள்முதல் ஒருமுறைகூட முழுமையாகச் சோதிக்கப்படாத பார்ட்டிஷன்கள் ஏராளமாக இருக்கின்றன. ட்யூன்2எஃப்எஸ் கட்டளையைச் சிறிய எல் தேர்வோடு இயக்கினால், கடைசியாகச் சோதித்த நாள் என்ற வரியில் உண்மை தெரிந்துவிடும்.

ஒருமுறை முழுச் சோதனை வேண்டுமென்றால், துவக்கத்தின்போது வரும் க்ரப் பட்டியலில் இ எழுத்தை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் முடிவில் எஃப்எஸ்சிகே.மோட்=ஃபோர்ஸ் என்று சேர்த்துத் துவக்குங்கள். அந்தத் துவக்கத்துக்கு மட்டும் அது செல்லும். இனிட்ராம்எஃப்எஸ்ஸும் சிஸ்டம்டியும் இரண்டுமே இதை மதிக்கும் என்பதால் ரூட்டும் ஹோமும் சேர்ந்தே சோதிக்கப்படும். ரூட்டின் உச்சி அடைவில் ஃபோர்ஸ்எஃப்எஸ்சிகே என்ற வெற்றுக் கோப்பை வைக்கும் பழைய வழக்கத்தை இனி நம்ப வேண்டாம். ரூட் ஏறுவதற்கு முன்பே சோதிக்கும் நிரல் அந்தக் கோப்பை எப்படிப் பார்க்க முடியும் என்று யோசித்தாலே அது ஏன் காலாவதியானது என்பது புரியும்.

பார்ட்டிஷன்களை எல்விஎம் என்ற வட்டு மேலாண்மை அடுக்கின் மேல் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு நல்ல வழி உண்டு. 2019இல் வந்த இ2எஃப்எஸ்ப்ராக்ஸ் 1.45இல் இ2ஸ்க்ரப் சேர்ந்தது. கணினி இயங்கும்போதே அந்த நொடியின் நிலையை ஸ்னாப்ஷாட்டாக எடுத்து அதைச் சோதிக்கிறது. குறை கண்டால், அடுத்த துவக்கத்தில் முழுச் சோதனை நடக்கும்படி சூப்பர்பிளாக்கில் குறித்து வைக்கிறது.

பதிவு 8 · சிறுபலகை

பாரியர் பற்றிய விளக்கத்தை ஏற்கிறேன். நான் காரணத்தைக் கேட்காமலேயே மருந்து சொன்னது தவறு. ஆயினும் என் கருத்தின் ஒரு பாதியை விட்டுக்கொடுக்க மாட்டேன். என் பலகைகளில் ரூட் என்பது ஓர் எஸ்டி அட்டை. அதன் முழு நகல் என்னிடம் உண்டு. அளவீடுகள் உடனுக்குடன் வேறிடத்துக்குச் சென்றுவிடுகின்றன. அட்டையில் காப்பாற்ற எதுவும் இல்லாதபோது, நின்றுபோவதைவிட எப்படியாவது எழுந்து வருவதே மேல்.

கூடவே ஒரு செய்தி. கடிகாரச் சில்லு இல்லாத பலகைகளிலும், சிமாஸ் பேட்டரி தீர்ந்த பழைய கணினிகளிலும், துவக்கத்தின்போது நேரம் பல மாதங்கள் பின்னோக்கி இருக்கும். கடைசியாக ஏற்றிய நேரம் எதிர்காலத்தில் உள்ளது என்று எஃப்எஸ்சிகே முறையிடும். இ2எஃப்எஸ்சிகே.கான்ஃப் கோப்பில் ப்ரோக்கன்_சிஸ்டம்_க்ளாக் என்பதை இயக்கினால் நேரத்தை அது நம்பாது. மாற்றிய பின் இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பித்து, எல்எஸ்இனிட்ராம்எஃப்எஸ் கொண்டு அந்தக் கோப்பு உள்ளே சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வெளியே திருத்திவிட்டு உள்ளே பழையது இயங்கிய நாட்கள் எனக்கு உண்டு.

பதிவு 9 · பழையவட்டு

நகல் உள்ள இடத்தில் யெஸ் தகும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. வாசகசாலையின் ஹோமில் இருப்பது நகல் எடுத்தவையா என்று தெரியாதவரை, அதில் யெஸ் வேண்டாம் என்பதே என் வாதம். கெர்னல் வரியில் எழுதும் ரிப்பேர் தேர்வு ரூட்டுக்கு மட்டுமென்று நிற்காது. பின்னால் சோதிக்கப்படும் ஹோமையும் அது ஆளும்.

நான் செய்வது இது. ப்ரீனை மாற்றுவதில்லை. ஹோம் வரியில் நோஃபெயில் சேர்ப்பேன்; அதன் சோதனை தோற்றால், அவசர நிலைக்குப் போகாமல், ஹோம் இல்லாமலேயே கணினி எழுந்துவிடும். இரவல் பதிவேடு ரூட்டில் இருப்பதால் வாசகசாலை அன்று நடக்கும். ஹோமை மாலையில் நிதானமாகப் பார்க்கலாம். ரூட்டே நின்றால் என்ன செய்வது என்ற கேள்விக்கு ட்ராப்பேர்-இனிட்ராம்எஃப்எஸ் என்ற தொகுப்பு உதவும். அது இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள்ளேயே ஓர் எஸ்எஸ்ஹெச் சேவையை வைக்கிறது. அந்தக் கறுப்புத் திரைக்கு நீங்கள் வீட்டிலிருந்தே வந்து சேரலாம்.

அவசர நிலையைப் பற்றி ஒன்று. இனிட்ராம்எஃப்எஸ் திரை கடவுச்சொல் கேட்பதில்லை. சிஸ்டம்டியின் அவசர நிலை ரூட் கடவுச்சொல்லைக் கேட்கும். டெபியனை நிறுவும்போது ரூட் கடவுச்சொல்லை வெறுமையாக விட்டவர்களுக்கு அந்தக் கணக்கு பூட்டப்பட்டிருக்கும். அங்கே உள்ளே நுழையவே முடியாமல் நிற்பார்கள். இதைத் துன்பம் வருவதற்கு முன்பே சரிபார்ப்பது நல்லது.

கையால் பழுது பார்க்க வேண்டிய நாள் வந்தால், முதலில் எதையும் மாற்றாமல் படிக்க மட்டும் செய்யும் -n தேர்வோடு எஃப்எஸ்சிகேயை இயக்கி, அது என்ன சொல்கிறது என்று முழுவதும் படியுங்கள். வட்டில் கெட்ட செக்டர்கள் தெரிந்தால் எஃப்எஸ்சிகேயைத் தொடவே வேண்டாம். டிடிரெஸ்க்யூ கொண்டு வேறொரு வட்டுக்கு நகலெடுத்து, நகலின்மேல் பழுது பாருங்கள். வட்டு நலமாக இருந்தாலும், இசட் தேர்வில் ஒரு கோப்பின் பெயரைக் கொடுத்தால், மாற்றுவதற்கு முன் இருந்ததையெல்லாம் எஃப்எஸ்சிகே அதில் சேமித்து வைக்கும். தவறு நேர்ந்தால் இ2அன்டூ பழைய நிலைக்குத் திருப்பும். அந்தக் கோப்பு பழுது பார்க்கும் பார்ட்டிஷனில் இருக்கக் கூடாது. இந்தத் தேர்வை அறிந்தவர்கள் மிகக் குறைவு என்பது எனக்கு நெடுநாளைய வருத்தம்.

பதிவு 10 · புதியவாசகர்

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எக்ஸ்எஃப்எஸ் பார்ட்டிஷனைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? அதற்கும் ஆறாவது புலத்தில் 2 எழுத வேண்டுமா?

பதிவு 11 · ஐநோட்

வேண்டாம், 0 போதும். துவக்கத்தின்போது எஃப்எஸ்சிகே.எக்ஸ்எஃப்எஸ் இயல்பாக எதையும் சோதிக்காமல் வெற்றி என்று திரும்பிவிடும். அந்தக் கோப்பு முறைமையின் ஜர்னலை, ஏற்றும்போது கெர்னலே செயல்படுத்துகிறது. பிடிஆர்எஃப்எஸ்ஸுக்கும் அப்படியே. எக்ஸ்எஃப்எஸ் ஏறவே மறுத்தால் எக்ஸ்எஃப்எஸ்_ரிப்பேர் இருக்கிறது. ஆனால் பெரிய எல் தேர்வு ஜர்னலையே அழித்துவிடும். அதைக் கடைசிக்கும் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஹைபர்நேட் செய்து உறங்கும் கணினியின் பார்ட்டிஷன் இன்னும் பயன்பாட்டில் இருப்பதாகவே கருதப்பட வேண்டும். அதனால்தான் துவக்கத்தில் மீட்டெழுதல் முதலிலும் சோதனை அதன் பின்னும் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. அந்த நிலையில் யூஎஸ்பியிலிருந்து வேறொரு லினக்ஸைத் துவக்கி எஃப்எஸ்சிகேயை இயக்கினால், பிறகு மீண்டெழும் கெர்னல் தான் நினைவில் வைத்திருந்த பழைய நிலையை வட்டின்மேல் எழுதி எல்லாவற்றையும் குலைத்துவிடும்.

பதிவு 12 · வாசகசாலை

அனைவருக்கும் நன்றி. பாரியர்=0 நீக்கப்பட்டது; யூபிஎஸ்ஸுக்குப் புதிய பேட்டரி வந்துவிட்டது; ஹோம் வரியில் நோஃபெயில் சேர்த்தேன்; ரிப்பேர் தேர்வை மாற்றவில்லை. ஃபோர்ஸ் கொடுத்துத் துவக்கியதில் இரண்டு பார்ட்டிஷன்களும் ஐந்து கட்டங்களையும் குறையின்றிக் கடந்தன.

நீங்கள் அஞ்சியதும் ஓரளவு நடந்திருக்கிறது. எஸ்கியூலைட் சோதனையில் பதிவேடு முழுமை என்று வந்தது, ஆனால் மின்தடை வந்த மாலையில் பதிந்த ஒன்பது இரவல்கள் அதில் இல்லை. முதியவர் தன் பழக்கத்தால் கைப்பேரேட்டிலும் எழுதி வைத்திருந்ததால் அவற்றை மீண்டும் பதிந்துவிட்டேன். டெப்சம்ஸ் இரண்டு தொகுப்புகளில் சிதைந்த கோப்புகளைக் காட்டியது, மறுபடி நிறுவினேன். லாஸ்ட்+ஃபவுண்டில் பதினோரு கோப்புகள் இருக்கின்றன. எல்லாவற்றின் பெயரும் # குறியும் ஓர் எண்ணுமாக உள்ளது. அவற்றைத் திறக்க முயன்றால், கட்டளைக்குக் கோப்பின் பெயரே சென்று சேர்வதில்லை. இது என்ன?

பதிவு 13 · ஐநோட்

அந்த எண், கோப்பின் ஐநோட் எண். தாய் அடைவை இழந்த கோப்பின் பெயர் அந்த அடைவோடு போய்விட்டதால், எஞ்சிய ஒரே அடையாளத்தைப் பெயராக வைத்து எஃப்எஸ்சிகே அதை அங்கே சேர்க்கிறது. # குறிக்குப் பின்னால் வருவதைப் பாஷ் குறிப்புரையாக எடுத்துக்கொள்வதால்தான் பெயர் சென்று சேரவில்லை. பெயரை ஒற்றை மேற்கோளுக்குள் இடுங்கள், அல்லது முன்னால் ஒரு புள்ளியும் சாய்கோடும் சேருங்கள். ஃபைல் கட்டளை ஒவ்வொன்றும் என்ன வகை என்று சொல்லும். எதையும் அழிப்பதற்கு முன், ஒன்றிலாவது அன்று மாலையின் பதிவேட்டுத் துணைக்கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.